உப்புக்கு ஈடுகொடுத்து: யாழ்ப்பாணத்துச் சுயாதீனக் கலைஞர் ஒருவரின் நடப்பு வேலைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கொக்குவிலில் ஒரு வளவு. மாமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில், பின்னால் பழைய நாற்சார் வீட்டில் மிஞ்சிய ஓர் அறை. இங்கிருந்து தனியாக இயங்கும் கலைஞர் ஒருவரின் கையில் இப்போது நான்கு வேலைகள் இருக்கின்றன. பருத்தித்துறைப் பக்கம் கடலோரக் காணி ஒன்றில் நிறுத்தவேண்டிய கம்பிவலைச் சீமெந்துச் சிற்பம், நல்லூரில் பழைய வீடொன்றின் வெளிச்சுவரில் சுவரோவியம், துணியில் ஓர் ஓவியத் தொடர், பனையோலை விளக்குக்கூடு.

ஊடகம் நான்கு என்றாலும் எதை எந்த மாதத்தில் செய்வது, எந்தப் பொருளுக்குக் கூடச் செலவழிப்பது என்பதை எல்லாவற்றிலும் உப்புத்தான் தீர்மானிக்கிறது. அதனால் அதன் குணத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கறியுப்புக்கு 75 சதவீத ஈரப்பதன் ஓர் எல்லைக்கோடு. காற்றின் ஈரப்பதன் அதற்கு மேலே போனால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கீழே இறங்கினால் திரும்பவும் பளிங்காகும். குடாநாட்டில் அநேகமான நாள்களில் இரவு அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கும், வெயில் ஏறிய பகல் கீழே இறங்கும். ஆகவே சுவரின் நுண்துளைக்குள் இருக்கும் உப்பு மழை இல்லாமலே நாளாந்தம் கரைந்து, பளிங்காகி, துளையின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதே உப்பு சீமெந்துக்குள் போனால் இரும்பைத் தின்னும்.

பனங்கொட்டைச் சிற்பம்

உருவம் பாத்தியிலிருந்து கிளப்பிய முளைவிட்ட பனங்கொட்டை. கொட்டை மேலே, கிழங்கு கீழே. மொத்த உயரம் 2.4 மீற்றர். கொட்டை ஏறத்தாழ 1.2 மீற்றர் அகலம். கிழங்கு கீழே போகப்போக ஒடுங்கி, நிலத்தைத் தொடும் இடத்தில் 18 சென்ரிமீற்றர் மட்டும்தான். பாரம் எல்லாம் தலையில். அடியைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் வேலை இலகு, ஆனால் அது கிழங்காக இராது, தூணாகிவிடும். கலைஞர் ஒடுக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சரியான முடிவு என்றே சொல்லவேண்டும்.

எனவே முதலில் காற்றுக் கணக்கு. மணிக்கு 120 கிலோமீற்றர் காற்று, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 70 கிலோ நிறைக்குச் சமமான அழுத்தம் கொடுக்கும். கொட்டையின் முகப்பரப்பு ஏறத்தாழ 1.1 சதுர மீற்றர், அதன் நடு நிலத்திலிருந்து 1.8 மீற்றர். கிழங்கின் பங்கையும் சேர்த்தால் கவிழ்க்கும் திருப்பம் (நிறையைத் தூரத்தால் பெருக்கிய அளவு) 155 அளவில் வருகிறது. 1 மீற்றர் சதுரம், 40 சென்ரிமீற்றர் ஆழமான கொங்கிரீற் அத்திவாரம் 960 கிலோ. அதோடு சிற்பத்தின் 400 கிலோவையும் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கான அரை மீற்றரால் பெருக்கினால் தாங்கும் திருப்பம் 680. நான்கு மடங்குக்கு மேல், போதும். முதுகெலும்பு, துத்தநாகம் பூசிய 3 அங்குலக் குழாய். அது அத்திவாரத்துக்குள் முழு ஆழத்துக்கும் இறங்கி, அடியில் குறுக்குக் கம்பிகளோடு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டிய இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். அந்த இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ற் பூசாமல் கொங்கிரீற் போடக்கூடாது.

குழாயின் மேல் 10 மில்லிமீற்றர் கம்பி வளையங்கள், அவற்றின் மேல் 6 மில்லிமீற்றர் கம்பி 12 சென்ரிமீற்றர் இடைவெளியில். அதற்கு மேல் அரை அங்குலக் கோழிக்கூட்டு வலை நான்கு மடிப்பு. சதுரக் கண் வலை கூடப் பலமானதுதான், ஆனால் இரண்டு பக்கமும் வளைகிற உருண்டைக்கு அது படியாது. மடிந்து மடிந்து தடித்த இடம் உருவாகும், அந்த இடத்துக்குள் சாந்து போகாது. அறுகோணக் கண் இழுத்த இழுப்புக்கு வரும். துத்தநாகம் பூசாத கறுத்தக் கம்பியும் துத்தநாக வலையும் ஈரத்தில் நேரே தொட்டால் சின்ன மின்கலம்போல வேலைசெய்து துத்தநாகம் முதலில் கரையும். அதனால் கம்பிகளுக்கு இரண்டு தடவை எபொக்சி பூசி, காய்ந்தபின்தான் வலை கட்டப்பட்டது. கட்டுக்கம்பியும் துத்தநாகம் பூசியதே.

சாந்து, நிறையில் சீமெந்து 1, மண் 2, நீர் 0.4. மேற்பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீற்றர், தடிப்பு 25 மில்லிமீற்றர். அப்படியென்றால் 330 கிலோ சாந்து: சீமெந்து 97 கிலோ, மண் 194 கிலோ, நீர் 39 லீற்றர். இரண்டு பை சீமெந்து மட்டுமட்டாக வரும். சிந்தலுக்கும் சீமெந்துப் பாலுக்கும் மூன்றாவது பை வேண்டும். பையின் திகதியைப் பார்த்து எடுக்கவேண்டும். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990இல் நின்றதிலிருந்து குடாநாட்டுக்குச் சீமெந்து வெளியிலிருந்துதான் வருகிறது. மாரியில் கடைக்குள் கிடந்து கட்டிபட்ட பையை அரித்துப் பாவிக்கிற பழக்கம் மதிலுக்குச் சரிவரலாம், 25 மில்லிமீற்றர் ஓட்டுக்குச் சரிவராது.

மண்தான் பெரிய பிரச்சினை. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டு மண் பார்க்க வெள்ளையாக, அழகாக இருக்கும். ஆனால் காற்றுச் சேர்த்த மண் என்பதால் எல்லா மணியும் ஒரே அளவு, சின்னது. கூட நீர் குடிக்கும், காயும்போது சுருங்கி வெடிக்கும். கடற்பக்கத்து உப்பும் இருக்கும். குடாநாட்டுக்குள் மண் தரக்கூடிய ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஆகவே வன்னியிலிருந்து வரும் ஆற்றுமண்தான். அதையும் கழுவி, பரிசோதித்தபின்பே கலக்கிறார். 100 கிராம் மண்ணை 200 மில்லிலீற்றர் வடித்த நீரில் குலுக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரில் சில துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விடுவார். தெளிவாகவே இருந்தால் நல்லது. இலேசாகக் கலங்கினால் இன்னொரு தடவை கழுவவேண்டும். வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கினால் அந்த மண் வேண்டாம். கையுறை அவசியம், தோலில் பட்டால் கறுத்த கறை கிழமைக்கணக்கில் போகாது.

நீருக்கும் இதே கவனம். குடாநாட்டின் நன்னீர் சுண்ணக்கல்லுக்குள், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். கூட இறைத்தால் உவர் மேலே வரும். இரும்பு உள்ள கொங்கிரீற்றுக்கான நீரில் குளோரைட்டு லீற்றருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்திய நியமம் ஐஎஸ் 456. கையடக்க டிடிஎஸ் மானி குளோரைட்டைத் தனியே காட்டாது, கரைந்த எல்லாவற்றையும் சேர்த்தே காட்டும். அந்த மொத்தமே 500க்குக் கீழே இருந்தால் குளோரைட்டும் கீழேதான் என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே காட்டினால் அது வெறும் கல்நீராகவும் இருக்கலாம், உவராகவும் இருக்கலாம். சந்தேகப்பட்டுக்கொண்டிராமல் தாங்கியில் பிடித்த மழைநீரைப் பாவிப்பது மலிவு. கலவைக்கு வேண்டியது 39 லீற்றர்தானே. மண் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் கழிக்கவேண்டும். 5 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மண்ணில் ஏறத்தாழ 5 லீற்றர் ஏற்கெனவே இருக்கிறது. இதைக் கழிக்காமல் கலப்பதுதான் ஊரில் வலுவில்லாத சாந்துக்கு வழமையான காரணம்.

பூச்சு கரண்டியால் அல்ல, கையால். கையுறை போட்ட பெருவிரலால் சாந்தை வலைக்குள் அழுத்த, அது உட்பக்கத்தில் சின்னச் சின்ன முளைகளாகத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். வராத இடம் உள்ளே வெறுமை. உருண்டைக்குள் ஆள் போகமுடியாது என்பதால் பின்பக்கத்தில் 40 சென்ரிமீற்றர் வாசல் ஒன்று விடப்பட்டது. உதவியாளர் அதனூடாகக் கையை விட்டு உட்பக்கத்தைத் தடவி, முளைகளை அழுத்திக்கொண்டு வருவார். வாசல் கடைசியில் அடைக்கப்படும். வெறுமை பெரும்பாலும் கம்பியும் வளையமும் குறுக்கறுக்கும் மூலைகளில்தான் வரும். இறுகியபின் நாணயத்தால் தட்டினால் அந்த இடம் வேறு ஒலி தரும். அப்படியான இடத்தை மேலால் பூசி மறைக்காமல் உடைத்தே நிரப்பவேண்டும்.

ஒரே நாளில் 6 சதுர மீற்றரைக் கையால் முடிப்பது இரண்டு பேருக்குக் கஷ்டம். ஆகவே இணைப்பு ஒன்று தவிர்க்கமுடியாதது. அதை எங்கே வைப்பது என்பது சிற்பியின் தீர்மானம். கொட்டையின் கண் இருக்கும் மட்டத்தில் தும்பு சுற்றி ஓடும் கோடு ஒன்று உருவத்திலேயே இருக்கிறது. இணைப்பு அந்தக் கோட்டில் வைக்கப்பட்டது. ஓரத்தைச் சொரசொரப்பாக, வலை தெரிய விட்டு, இரவு முழுக்க ஈரச்சாக்குப் போட்டு, அடுத்த நாள் எஸ்பிஆர் என்ற செயற்கை இறப்பர்ப் பால் கலந்த சீமெந்துக் குழம்பு பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மேற்சாந்து. குழம்பு காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கும் படலமாகிவிடும்.

தும்பின் தோற்றத்துக்கு உண்மையான பனந்தும்பைச் சீமெந்துப் பாலில் தோய்த்து ஒட்டிப் பார்த்த மாதிரிப் பலகை ஒன்று கொட்டிலில் கிடக்கிறது. ஒரு மாரியிலேயே தும்பு நீரை உறிஞ்சி உக்கி, அது போன வழியெல்லாம் உள்ளே போகும் குழாய்களாகிவிட்டன. இப்போது இரும்பரியும் வாளின் பழைய அலகால், பூசி இரண்டு மூன்று மணித்தியாலத்தில், கீறிக் கோடெடுக்கிறார். கோட்டின் ஆழம் 4 மில்லிமீற்றருக்கு மேல் போகாது. வலைக்கு மேல் சாந்துப் போர்வை 8 மில்லிமீற்றர் என்பதால் கோட்டின் அடியிலும் 4 மில்லிமீற்றர் மிஞ்சும்.

சாக்கும் தறப்பாளும் போட்டு 14 நாள் ஈரம் காத்தல். அந்த ஈரத்துக்கும் மழைநீர்தான். 28 நாளுக்குப் பிறகு நிறம். அன்னபேதி (இரும்புச் சல்பேற்று) கரைசல், 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம் தொடக்கம், தூரிகையால். சீமெந்தின் காரத்தோடு சேர்ந்து பச்சையாக இருந்தது மணித்தியாலக் கணக்கில் துருநிறமாக மாறும். இரண்டாவது பூச்சு எவ்வளவு கறுக்கும் என்பதை முதற் பூச்சு முழுதாகக் காயாமல் சொல்லமுடியாது. மேலே பளபளக்கும் வார்னிஷ் கிடையாது. நீராவியை வெளியே விடும் சிலோக்சேன் நீர்விலக்கி மட்டும். கொட்டைக்குள் வேர்க்கும் நீருக்கு அடியில் 20 மில்லிமீற்றர் துளை ஒன்று, எறும்பு புகாதபடி வலை வைத்து.

நல்லூர்ச் சுவர்

சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டிய சுவர். பிற்காலத்தில் யாரோ மேலே சீமெந்து பூசியிருக்கிறார்கள். அதன் மேல் முன்பு வரைந்த அக்றிலிக் ஓவியம் ஒரு வருடத்துக்குள், நிலத்திலிருந்து 80 சென்ரிமீற்றர் வரை கொப்புளித்துவிட்டது. கொப்புளத்தைக் கத்தியால் கீறிப் பார்த்தால் பெயின்ற் தோல் பழுதில்லாமல் இருக்கிறது. அதன் முதுகில் வெள்ளை ஊசிகளாக உப்பு, அதற்குப் பின்னால் பூச்சு விரல் பட்டாலே உதிர்கிறது. பழி பெயின்றின் மேல் இல்லை. நிலத்து நீர் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் எங்கும் ஆவியாகி வெளியேறும். சீமெந்தும் அக்றிலிக்கும் வழியை அடைக்க, உப்பு தோலுக்குப் பின்னால் சேர்கிறது.

சீமெந்துப் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேலும் அரை மீற்றர் உயரம்வரை கொத்தி எடுத்தார்கள். பிறகு உப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற சோதனை. மேல் ஒரு சென்ரிமீற்றர், அடுத்தது, அதற்கடுத்தது எனத் தனித்தனியே சுரண்டி, ஒவ்வொன்றிலும் 10 கிராமை 100 மில்லிலீற்றர் வடித்த நீரில் கலக்கி மானியில் பார்ப்பது. மேற்படையில் மிகக் கூடவாக இருந்தால் உப்பு வெளியே வந்துகொண்டிருக்கிறது, இழுத்து எடுக்கலாம். செய்தித்தாளை வடித்த நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, 2 சென்ரிமீற்றர் தடிப்பில் அப்பி, முழுதும் காய்ந்தபின் உரித்து எறிவது. உரித்த கூழையும் நீரில் ஊறவைத்து அளக்கவேண்டும். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அளவு இறங்குவது நின்றது, அங்கே நிறுத்தினார்கள். குழாய்த் தண்ணீரால் சுவரைக் கழுவுவது பலரும் செய்வது. அது மேலே வந்த உப்பைத் திரும்ப உள்ளே அனுப்பும் வேலை.

புதுப் பூச்சு, கன அளவில் சுண்ணாம்புக் களி 1, கழுவிய கூர்மண் 3. முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி தடை என்பதால் பையில் வரும் நீற்றின சுண்ணாம்பையே ஒரு மாதத்துக்குக் குறையாமல் நீருக்குக் கீழே ஊறவைத்து, அரித்து எடுக்கிறார். முதற்படை 10 மில்லிமீற்றர், இரண்டாவது 8, கடைசி 3 மில்லிமீற்றர் படைக்கு 1:2. "ஒரு கை சீமெந்து போட்டால் கெதியா இறுகும் தம்பி" என்று மேசன் சொல்வது உண்மைதான், இறுகும். ஆனால் அந்த ஒரு கைதான் பழைய நோயைத் திரும்பக் கொண்டுவரும். சுண்ணாம்பு காற்றின் கரியமிலவாயுவை எடுத்து இறுகுவது, அதற்கு நாளும் வேண்டும், ஈரமும் வேண்டும். வெயிலுக்குக் கிடுகு மறைப்புக் கட்டி, காலையும் மாலையும் மழைநீர் விசிறினால் படை சுருங்கி வெடிக்காது.

நிறத்தில் தெரிவு குறுகுகிறது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை மட்டும்: காவி, மஞ்சட்காவி, இரும்பொட்சைட்டுக் கறுப்பு, குரோமியம் ஒட்சைட்டுப் பச்சை, அல்ட்ராமரீன் நீலம். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் பழுப்பாகிவிடும். நிறத்தூள் சுண்ணாம்பின் நிறையில் பத்திலொன்றைத் தாண்டினால் காய்ந்தபின் கையில் ஒட்டும். கூடக் கறுப்பான நிறம் வேண்டுமென்றால், கூடுதல் தூளைப் பிடித்துவைக்க ஆடை நீக்கிய பாலைப் பத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். ஈரத்தில் பார்க்கும் நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றல்ல, மிகவும் வெளுக்கும். அதனால் ஒவ்வொரு கலவைக்கும் பூச்சுத் துண்டொன்றில் மாதிரி அடித்து, இரண்டு நாள் காயவிட்டே முடிவு.

நிலத்தோடு சேர்ந்த 40 சென்ரிமீற்றரில் எதைப் பூசினாலும் உப்பு வரும். அங்கே ஓவியமே கிடையாது. நல்லூர்க் கோயில் மதிலில் பார்க்கும் காவியைப்போல ஒரு பட்டை, வருடத்துக்கொருமுறை சுரண்டித் திரும்ப அடிப்பதற்கென்றே. வீட்டுக்காரர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார். நினைக்கட்டும்.

துணி ஓவியங்கள்

இதில் சொல்ல அதிகமில்லை. சட்டத்துக்கு வேம்பு, கறையான் சுலபத்தில் தொடாது. மாரியில் அக்றிலிக் படலம் தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இடையில் சிலிக்கன் பூசிய தாள் வைக்கவேண்டும், பொலித்தீன் கூடாது. சுவரில் மாட்டும்போது பின்னால் தக்கைத் துண்டுகள் வைத்து ஒரு சென்ரிமீற்றர் காற்றிடைவெளி விட்டால் பூஞ்சணம் குறையும். கலைஞர் எண்ணெய் வர்ணத்தை ஐப்பசி முதல் மார்கழி வரை தொடுவதில்லை.

விளக்குக்கூடு

பணம் வருவது இதிலிருந்துதான். விருந்தினர் விடுதிகளும் உணவகங்களும் வாங்குகின்றன. சார்வோலையை (பனையின் இளம் ஓலை) ஈர்க்கு நீக்கி 6 மில்லிமீற்றர் அகலத்தில் வார்ந்து, இழைப்பதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைப்பது. காய்ந்த ஓலை மடிப்பில் முறியும், கூட நனைந்தது காயும்போது சுருங்கி இடைவெளி விடும். இழைக்கும் பெண்கள் வீட்டில் இருந்து செய்கிறார்கள், கூலி உருப்படிக்கு. தொடக்கத்தில் கலைஞர் கொடுத்த வரைபடம் பிரயோசனப்படவில்லை. இப்போது கொடுப்பது எண்ணிக்கை: அடியில் எத்தனை ஓலை, எத்தனையாவது சுற்றில் எத்தனை கூட்டுவது, எங்கே கண் விடுவது. விளிம்புக்கு ஈர்க்குக் கட்டு வைத்து மட்டை நாரால் பொத்துவது கடகத்துக்குச் செய்வதுபோலவே.

தீப்பாதுகாப்புக்கு வெங்காரமும் போரிக் அமிலமும் 7க்கு 3 என்ற நிறை விகிதத்தில், 1 லீற்றர் சூடான நீருக்கு இரண்டும் சேர்த்து 150 கிராம் அளவில். இழைத்த கூட்டைத் தோய்த்து நிழலில் காயவிடவேண்டும். பூச்சியும் கிட்டாது. நீர் பட்டால் கழுவுப்பட்டுப் போகும் என்பதால் வெளி விறாந்தைக்கு இந்தக் கூடு விற்கப்படுவதில்லை. பல்ப் எல்இடி மட்டும், 7 வாற்றுக்கு மேல் இல்லை, ஓலைக்கும் பல்ப்புக்கும் இடையே 8 சென்ரிமீற்றர். சாயத்தில் ரோசாவும் பச்சையும் வெயிலில் கெதியாக வெளுக்கும். சாயமில்லாத வெளிறிய ஓலையே இந்தக் கூட்டுக்கு நன்றாக இருக்கிறது, வாங்குபவர்கள் சம்மதித்தால்.

மாதமும் பணமும்

சுண்ணாம்புப் பூச்சு தை, மாசியில்: மாரி முடிந்து ஈரம் இருக்கும், சோளகம் இராது. கம்பிவலைச் சீமெந்து மாசி, பங்குனியில், சோளகம் தொடங்க முன். வைகாசிக்குப் பிறகு வீசும் அந்தக் காற்று பூசிய சாந்தை முதல் சில மணித்தியாலத்திலேயே உலர்த்தி, மயிர்வெடிப்பு விழுத்தும். சுவருக்கு நிறம் பங்குனி, சித்திரை. ஓலை கோடையில் காயவைத்துச் சேமித்து, மாரியில் இழைப்பது. துணி ஓவியமும் வரைபுகளும் மாரிக்கு. கடலோரக் காணிக்காரர் சிற்பத்தை ஆவணியில் கேட்டிருந்தார். அதற்குச் சம்மதிக்காமல் அடுத்த பங்குனி வரை தள்ளியதால் முற்பணம் குறைந்தது. சம்மதித்திருந்தால் முழுச் சாந்தையும் சோளகத்துக்குள் பூசவேண்டி வந்திருக்கும்.

விலை எழுதும்போது பொருள், கூலி, ஏற்றுக்கூலி, வடிவமைப்பு, பராமரிப்பு என்று ஐந்தாகப் பிரித்து எழுதுகிறார். 2022 நெருக்கடிக்குப் பிறகு எஸ்பிஆர், சிலோக்சேன், நிறத்தூள் போன்ற இறக்குமதிப் பொருள்களின் விலைக்கு 14 நாளுக்கு மேல் உறுதி கொடுப்பதில்லை. பணம் மூன்று தவணை: ஒப்பந்தத்தில் 40 சதவீதம், வலை கட்டி முடிந்து சாந்து பூசமுன் 30, நிறுத்தியபின் 30. இரண்டாம் தவணை அந்த இடத்தில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. எலும்புக்கூட்டைக் கண்ணால் பார்த்து மாற்றம் கேட்கக்கூடிய கடைசிக் கட்டம் அதுதான். சாந்து ஏறியபின் கேட்கும் மாற்றத்துக்குத் தனி விலை.

சிற்பத்தோடு காணிக்காரருக்கு ஒரு பக்கத் தாள் கொடுக்கப்படும். சோளகம் வீசும் மாதங்களில் கிழமைக்கொருமுறை நன்னீர் விசிறிக் கழுவவேண்டும், கிணற்று நீர் உவராக இருந்தால் வேண்டாம். மாரி தொடங்க முன் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று ஈர்க்கு விட்டுப் பார்க்கவேண்டும். துருநிறக் கோடு கீழ்நோக்கி வடிந்தால் அது அன்னபேதியின் நிறம் என்று விட்டுவிடாமல் அறிவிக்கவேண்டும். அன்னபேதி வடியாது. நீர்விலக்கி மூன்று வருடத்துக்கொருமுறை திரும்பப் பூசவேண்டும். நீர்த்துளி திரளாமல் பரவிக் கறுத்தால் அதற்கு முன்னரே. முதல் இரண்டு வருடப் பார்வை விலைக்குள் அடக்கம். அதற்குப் பிறகு வந்து பார்க்கக் கட்டணம் உண்டு.